மூன்றாவது அலசல்

கடைப் பையன்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதில் விட்டு வைத்திருப்பது மரியாதைக்காக என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன். போன வாரம்தான் விஷயம் தெரிந்தது. குழுவிலிருந்து ஆளை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அதனால் நான் இன்னும் இருக்கிறேன்.

அந்தக் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "புது ஆப்ல 'தொட்டி அலசியாச்சா'ன்னு ஒரு டிக் வருது. எத்தினி தடவை அலசிட்டு டிக் போடணும்?" அதற்குக் கீழே இன்னொருவன் பதில் போட்டிருந்தான்: "அலசாமலே போட்டாலும் ஏத்துக்குது." அதற்கு ஆறு பேர் சிரித்த முகம் அனுப்பியிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! கட்டை விரலால் முக்கால் மணி நேரம் தட்டித் தட்டிப் பதில் எழுதினேன். முடிக்கப் போகும் நேரத்தில் கேஸ் சிலிண்டர்காரன் போன் அடித்தான். எழுதியதெல்லாம் போச்சு. அதுதான் இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன். பேப்பரில் எழுதினால் எவன் போன் அடித்தாலும் அழியாது.

என் பெயர் ஏழுமலை. விழுப்புரத்தில் வீட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஏர்கூலர் மெக்கானிக்காக இருந்து இந்தத் தை மாதம் ஓய்வு பெற்றவன். ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவனைக் கூலருக்கு மாற்றினார்கள். வேலை கற்றுக்கொண்ட கதையெல்லாம் வேண்டாம். இரண்டு தடவை ஷாக் அடித்தது, மூன்றாவது தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வைத்தேன். பயிற்சி அத்தோடு முடிந்தது.

ஏர்கூலர் என்பது பாலைவனத்துக்குச் செய்த பெட்டி. காய்ந்த காற்றை ஈரமான பேடு, அதாவது மரச்சீவல் மெத்தை, வழியாக உள்ளே இழுத்து, குளிர வைத்து, முகத்தில் அடிக்கும். ராஜஸ்தான் பக்கம் அருமையாக வேலை செய்யுமாம். அதை இங்கே கொண்டு வந்து விற்றார்கள். நமக்குக் கிழக்கே கடல். கண்டமங்கலம் தாண்டிப் போகப் போகக் காற்றிலேயே ஈரம். அங்கெல்லாம் கூலர் போட்டால் குளிர்ச்சி வராது, பப்படம்தான் நமத்துப் போகும். திண்டிவனத்தில் கத்திரி வெயிலில், கடல் காற்று வந்து சேரும் முன்னால், காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நன்றாகவே ஓடும். ஆனால் ஒரு நிபந்தனை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். உள்ளே வருகிற காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால், வீடு இட்லிப் பானைதான்.

இதை நம் ஜனங்களுக்குப் புரிய வைப்பதற்குள் என் ஆயுசில் பாதி போய்விட்டது. "குளுருது நல்லாத்தான் இருக்குது, ஆனா அஞ்சு நிமிசத்துல பிசுபிசுன்னு ஆயிடுதுங்க" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் ஜன்னல், கதவு, கதவுக்குக் கீழே உள்ள சந்து வரைக்கும் கோணிப்பை வைத்து அடைத்திருப்பார்கள். திறக்கச் சொன்னால், "அய்யோ, குளுரு வெளிய பூடுமே!" என்பார்கள்.

எங்கள் சர்வீஸ் இன்சார்ஜ் தணிகாசலம் சார் இதற்காகவே பிறந்தவர். ஒல்லியான மனுஷன், பாக்கெட்டில் டெஸ்டர், குரல் மட்டும் ஆளைவிடப் பெரிசு. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மொதல்ல ஜன்னலைத் தெறங்க!" என்று ஒரு சத்தம் போடுவார். கூலர் இல்லாத வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனபோதும் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவர்களும் எழுந்து போய்த் திறந்தார்கள்.

சீசன் வேலைக்கு அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. மாசி மாதம் பிறந்ததும் ஆரம்பிப்போம். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மூன்று பக்கக் கிரில்லையும் கழற்றி, பழைய மரச்சீவல் பேடுகளை எடுத்து எறிய வேண்டும். அதில் போன வருஷத்து உப்பு அப்பளம் மாதிரி ஒட்டியிருக்கும். தொட்டிக்குள் பம்பு, மேலே ஓட்டை போட்ட குழாய், இரண்டிலும் வெள்ளை வெளேரென்று உப்பு பிடித்திருக்கும். நம் ஊர்ப் போர்த் தண்ணீர் அப்படி. அதற்குக் கடையில் ஏதேதோ ஆசிட் விற்கிறார்கள். சார் தொட விடமாட்டார். அவருடைய மருந்து புளி. ஒரு பெரிய உருண்டைப் பழைய புளியைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, பேடு இல்லாமல் பம்பை மட்டும் அரை மணி நேரம் ஓட விட்டு, ஒரு மணி நேரம் ஊற விட வேண்டும். உப்பெல்லாம் கழன்று வரும். பித்தளைச் சொம்பு மாதிரி பளபளவென்று இருக்கும்.

அப்புறம்தான் அலசல். தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, பம்பை ஓட்டி, கீழே அடைப்பானைப் பிடுங்கி விட வேண்டும். இது ஒன்று. மறுபடியும் ஒன்று. மறுபடியும் ஒன்று. மொத்தம் மூன்று. முதல் அலசல் தொட்டிக்கு, இரண்டாவது பம்புக்கு, மூன்றாவது குழாய்க்கு என்பார் சார். மூன்று முடிந்து, பேரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, புதுப் பேடு வைத்து, தண்ணீர் நிரப்பியதும், அவர் நேரில் வந்தால் ஒரு காரியம் செய்வார். ஆள்காட்டி விரலைத் தொட்டியில் விட்டு, நாக்கில் வைப்பார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நக்கிப் பார்ப்பார். "இது காணை ஊருத் தண்ணி. உப்பு கம்மி, இரும்பு ஜாஸ்தி" என்பார். ஒரு தடவை, "ரெண்டுதான் அலசியிருக்கே, போய் இன்னொண்ணு அலசு" என்று என் கூட வேலை செய்தவரைத் திருப்பி அனுப்பினார். அந்த நாக்குக்கு நாங்கள் அத்தனை பேரும் பயந்தோம். ஆப்புக்கு நாக்கு கிடையாது, அதுதான் பிரச்சினை.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், தணிகாசலம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. அவர் குரல் இறங்கி நான் அன்றுதான் கேட்டேன்.

"ஏழுமலை, ஞாயித்துக்கெழமை திண்டிவனத்துக்கு எங்க வூட்டுக்கு வர்றியா? பூங்கொடியைப் பொண்ணு பாக்க வர்றாங்க."

"சந்தோசம் சார். மாப்பிள்ளை எந்த ஊரு?"

"திருவெண்ணெய்நல்லூரு. கரும்பு போடுற குடும்பம். பையன் ஸ்கூல் வாத்தியார். பூங்கொடிக்கு போட்டோ பாத்ததுமே புடிச்சிப் போச்சு. இதுவரைக்கும் வந்த நாலு எடத்தையும் வேணாம்னுட்டா, இதுக்கு மட்டும் வாயைத் தெறந்து சரின்னா. ஆனா பையனோட அப்பாதான்டா பேஜாரு."

"என்னா சார், கோவக்காரரா?"

"கோவம் இல்லடா. வேர்வை. மனுசனுக்கு வேர்த்தா ஒக்கார முடியாதாம். போன மாசம் ஒரு எடத்துல பொண்ணு பாக்கப் போயிருக்காங்க. கரண்ட்டு போச்சு. இவரு எழுந்து துண்டை ஒதறிப் போட்டுக்கினு நேரா பஸ் ஸ்டாண்டுக்கே போயிட்டாராம். சம்பந்தம் அத்தோட காலி."

சார் வீட்டுக் கூலர் மூன்று வருஷமாகச் சர்வீஸ் பார்க்கப்படாமல் கிடந்தது. ஊரில் எல்லார் வீட்டுக் கூலரையும் பார்த்தவருக்குச் சொந்த வீட்டுக் கூலரைப் பார்க்க நேரமில்லை. "உன் கையால பண்ணு. உன் வேலைன்னா நான் நாக்கு வச்சிப் பாக்க வேண்டியதில்ல" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அன்று ராத்திரி என் வீட்டுக்காரியிடம் மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை அவள் தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய் இறங்கினேன். புளியை நானே பையில் கட்டிக்கொண்டு போனேன். பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. கழற்றினேன், துடைத்தேன், புளி ஊற்றினேன், ஊற விட்டேன். முதல் அலசல் ஆயிற்று. இரண்டாவது அலசல் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து சாருடைய வீட்டம்மா ஒரு தட்டோடு வந்தார்கள். சுடச்சுடக் கேப்பை அடை, முருங்கைக்கீரை போட்டது, தொட்டுக்கொள்ள மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னி.

"சாப்புட்டுட்டு மீதியப் பாருங்க தம்பி, ஆறிப் போயிடும்."

ஒன்று என்றுதான் உட்கார்ந்தேன். அந்த அம்மா கையில் என்ன இருக்கிறதோ, நான்கு உள்ளே போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் மணி பத்து. மூன்றாவது அலசலுக்குக் குறைந்தது இருபத்தைந்து நிமிஷம் வேண்டும். எட்டிப் பார்த்தேன். தொட்டி பளபளவென்று இருந்தது. 'இரண்டு போதும்டா, யாருக்குத் தெரியப் போகுது' என்று மனசு சொன்னது. பேடை வைத்தேன், தண்ணீரை நிரப்பினேன், கிரில்லை மாட்டினேன். சரியாக அப்போது சார் குளித்து முழுகி வந்து, "முடிஞ்சிதா?" என்றார். "முடிஞ்சிது சார்" என்றேன். சொன்னபடியே அவர் நாக்கு வைக்கவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனேன். நான் போன அந்தப் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். வரிசை கெடாமல் இருப்பதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சார் வீட்டம்மா கூலருக்குப் பின்னால் ஒரு பல்லியைப் பார்த்திருக்கிறார்கள். நல்ல காரியம் பேசும்போது பல்லி தப்பான திசையில் சொல்லிவிட்டால் என்ன ஆவது? பல்லிக்குப் பூண்டும் மிளகும் ஆகாது. பத்துப் பல் பூண்டையும் ஒரு கை மிளகையும் நசுக்கி, துணியில் முடிந்து, தண்ணீர் ஊற்றும் வாய் வழியாகத் தொட்டிக்குள் போட்டுவிட்டார்கள். சாரோ, 'தொட்டியில் தண்ணியைத் தவிர வேற எதுவும் போடக் கூடாது' என்று ஊர் பூராவும் பிரசங்கம் செய்தவர், பெண்ணைப் பெற்ற பதற்றத்தில், மங்களமாக இருக்கட்டும் என்று மஞ்சள் தூளை எடுத்துத் தூவிவிட்டார். சிட்டிகைதான் என்று இன்று வரை சாதிக்கிறார். எனக்கென்னவோ ஒரு கரண்டி என்றுதான் சந்தேகம். புருஷன் போட்டது பெண்டாட்டிக்குத் தெரியாது, பெண்டாட்டி போட்டது புருஷனுக்குத் தெரியாது. நான் போட்டது எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை.

இது போதாதென்று, அம்மா கூடத்து ஜன்னல்கள் அத்தனையையும் சாத்திவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஆஜானுபாகு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நேராகக் கூலருக்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்கார்ந்தார். கூலர் திடீரென்று நின்றுவிட்டால் பார்க்க வேண்டுமே என்று சார் என்னையும் ஒரு வெள்ளைச் சட்டை மாட்ட வைத்துக் கூலருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்னா மொறைங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"மாமா மொறைங்க" என்றேன்.

"அம்மா வழியா, அப்பா வழியா?"

"கூலர் வழிங்க" என்று வாயில் வந்துவிட்டது. நல்ல வேளை, காற்றுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஜில்லுனு இருக்குது சார்" என்றார். நான் அப்போதுதான் ஜன்னல்களைப் பார்த்தேன். எல்லாம் சாத்தியிருந்தது. சாரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். சார் ஜன்னலைப் பார்த்தார், முகம் வெளுத்தது. அம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அம்மா, 'சும்மா இருங்க, குளுரு பூடும்' என்று கண்ணாலேயே பதில் சொன்னார்கள். இருபது வருஷம் ஊரார் வீட்டு ஜன்னலையெல்லாம் திறக்க வைத்த மனுஷனுக்குச் சொந்த வீட்டில் ஒரு தாழ்ப்பாளை நீக்க அதிகாரம் இல்லை.

காற்று கனக்க ஆரம்பித்தது. கூடவே ஒரு வாசனை. முதலில் லேசாக, அப்புறம் கும்மென்று. மாப்பிள்ளையின் அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"வூட்ல ரசம் கொதிக்குதுங்களா?"

அம்மா குழம்பிப் போய், "இல்லைங்களே, இன்னிக்கி சாம்பாருதான்" என்றார்கள்.

அப்போதுதான் மிளகு வேலையைக் காட்டியது. அவர் ஒரு தும்மல் போட்டார். வீடே அதிர்ந்தது. அம்மா முகம் செத்துப் போயிற்று. சம்பந்தம் பேச வந்த இடத்தில் ஒற்றைத் தும்மல்! அடுத்த நொடி இரண்டாவது வந்தது. அம்மாவுக்கு உயிர் வந்தது. மூன்றாவது வந்தது. போச்சு. நான்காவது. அப்பாடா. ஐந்தாவது வந்தது. அதோடு நின்றுவிட்டது.

அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. அவர் முகமெல்லாம் வேர்வை. எழுந்தார். துண்டை எடுத்தார். உதறினார். சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு இடத்தை வேண்டாம் என்ற பெண் வாயைத் திறந்து சரி என்ற ஒரே இடம். அது பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக் கிளம்பப் போகிறது, காரணம் நான் தின்ற நாலு அடை. அந்தத் தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அச்ச்!"

சமையற்கட்டு வாசலிலிருந்து. காபித் தட்டும் கையுமாகப் பூங்கொடி நின்றிருந்தாள்.

"ஆறு! ரெட்டை!" என்று அம்மா வாய்விட்டே கத்திவிட்டார்கள்.

பூங்கொடி யாரையும் பார்க்கவில்லை. தட்டை என் மடியில் வைத்துவிட்டு, பம்பு சுவிட்சை அணைத்தாள், பட் பட் என்று நான்கு ஜன்னலையும் திறந்தாள். காலைக் காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது.

"எங்கப்பா ஊரெல்லாம் போய் ஜன்னலைத் தெறங்கன்னு கத்துவாருங்க. எங்க வூட்ல மட்டும் யாரும் கேக்க மாட்டோம்" என்றாள், மாப்பிள்ளையின் அப்பாவிடம் நேராக.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். தும்மலும் சிரிப்புமாக அவரால் நிறுத்த முடியவில்லை. அவருடைய அப்பா உதறிய துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டை பூராவும் மஞ்சள் புள்ளிகள்.

"என்னா சார் இது? பொண்ணையே இன்னும் சரியா பாக்கல, அதுக்குள்ள நலுங்கு வச்சிட்டீங்களா?" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒக்காருங்க, பேசுவோம். அந்தக் காபியை எடும்மா, மாமா மடியில ஆறுது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகு என்று சொல்லிக்கொண்டேன்.

சார் மட்டும் எழுந்து கூலரிடம் போனார். அத்தனை பேர் எதிரில் விரலைத் தொட்டியில் விட்டு நாக்கில் வைத்தார். "பூண்டு" என்று அம்மாவைப் பார்த்தார். மறுபடி வைத்தார். "மெளகு." அம்மா தலையைக் குனிந்தார்கள். மறுபடி வைத்து, "மஞ்சா" என்று மெல்லச் சொல்லி, அவரே தலையைக் குனிந்தார். நான்காவது தடவை விரலை வைத்தார். நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழுமலை, மூணு தடவை அலசினியா?"

"அலசினேன் சார்."

"ம்."

மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பி, "எங்காளு வேலை சுத்தமா பண்ணிட்டாருங்க. தப்பெல்லாம் எங்க வூட்டுதுதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குச் சோறு இறங்க விடவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அடுத்த நாளிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் மூன்று அலசல், அதுவும் வாய்விட்டு எண்ணி. தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு தடவை பக்கத்துத் தெரு அடிபம்பிலிருந்து பன்னிரண்டு குடம் நானே சுமந்தேன். "மூணலசல் வந்துட்டாரு" என்று வீடுகளில் பெயரே வைத்துவிட்டார்கள். ஜல்தி ஜல்தி என்று கடையில் கத்துவார்கள். கத்தட்டும் என்று மூன்றாவதை அலசுவேன்.

இந்தத் தை மாதம் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். தணிகாசலம் சார் ஓய்வு பெற்று வருஷக்கணக்கு ஆகிறது. காது கொஞ்சம் மந்தம். இருந்தாலும் பஸ் ஏறி வந்தார். பூங்கொடி அவள் வீட்டுக்காரரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்திருந்தாள். பேசினார்கள், சால்வை போட்டார்கள், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சார் என் பக்கத்து இலை.

சாம்பார் முடிந்து ரசம் வந்தது. சார் குழித்த சோற்றில் ஊற்றச் சொல்லவில்லை. ஒரு டம்ளரில் வாங்கினார். ஆள்காட்டி விரலை அதில் விட்டு, நாக்கில் வைத்தார்.

"ஏழுமலை. அன்னிக்கு பூண்டு எங்க வூட்டுது. மெளகு எங்க வூட்டுது. மஞ்சா எங்க வூட்டுது." டம்ளரைக் கீழே வைத்தார். "புளி யாருதுடா?"

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன்.

"என்னுது சார்."

"ம்."

"தெரிஞ்சிக்கினே ஏன் சார் அன்னிக்குச் சொல்லல?"

சத்தமாகக் கேட்டதால் பந்தியே திரும்பிப் பார்த்தது. சார் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சொல்லியிருந்தா அன்னிக்கு ஒரு நாள் அலசியிருப்பே. சொல்லல. பன்னெண்டு வருசம் அலசினே."

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டார். பிறகு மண்டபத்தைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழைய குரலில், பந்தி மொத்தமும் அதிர ஒரு சத்தம் போட்டார்.

"யாராவது மொதல்ல அந்த ஜன்னலைத் தெறங்கப்பா!"